ஏழாவது வட்டம்

அக்கா,

என் நகத்தின் இடுக்கில் சுண்ணாம்பு இருக்கிறது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. விளையாட்டு விழாவுக்காக இன்று பள்ளி மைதானத்தில் கோடு போட்டார்கள். பி.டி. மிஸ் சுண்ணாம்புத்தூள் மூட்டையை என் காலடியில் வைத்து, "நீ வட்டம் நல்லா போடுவியாமே, குண்டு எறியற எடத்துல ஒண்ணு போடு" என்றார். அவர் வெளியூர், ஒன்றும் தெரியாது. நான் ஆணியை நட்டு, கயிற்றைக் கட்டி, பாதி வட்டம் வரை போட்டேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் மீதிப் பாதியில் நீ படுத்திருந்தாய். தூளின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன்.

கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். செல்போன் வெளிச்சத்தை அம்மாவின் பழைய ஜாக்கெட்டால் மூடியிருக்கிறேன். ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால் கூரைமேல் கல் விழுகிறது. நேற்று விழுந்த கல்லில் ஓடு உடைந்து தம்பியின் நெற்றி கிழிந்துவிட்டது. நான்கு தையல். நைனா டாக்டரிடம் "கட்டில்லேர்ந்து வியுந்துட்டான்" என்று சொன்னார்.

நாளை காலை பத்து மணிக்கு நான் மாஜிஸ்ட்ரேட் முன்னால் சாட்சியாக நிற்க வேண்டும். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேராகச் சொல்ல வரவில்லை. முதலிலிருந்து வருகிறேன்.

எதிர்வீட்டிலிருந்து போய் நீ சென்னையில் படித்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் சுற்றிக் காட்டும் வேலை பார்த்தாய். கோயிலையும் கடற்கரையையும் காட்டுகிற வேலை இல்லை. வெள்ளைக்காரனுக்குத் தெரியாமல் துண்டுத்தாள் அச்சடித்த சந்து, ஆலைத் தொழிலாளிகள் அடிபட்டு விழுந்த தெருமுனை, இப்படிப் பழைய போராட்டங்கள் நடந்த இடங்களுக்கு ஆட்களை நடத்திக் கூட்டிப்போய், அங்கேயே நிற்க வைத்துக் கதை சொல்லும் வேலை. படிப்பு முடிந்து வந்து பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தாய். இரண்டே மாதத்தில் உனக்குக் கால் அரித்தது; நம் ஊரிலும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடை தொடங்க நினைத்தாய். நம் குழாயடியில் குடத்தை நிரப்பிக்கொண்டே சொன்னாய்: "பட்டணத்துல செத்தவனுக்கு கல்லு நட்டு மாலை போட்டுகிறாங்க பாப்பா. நம்ம ஊர்ல செத்தவங்க மேல நெல்லு காயுது."

எனக்கு அது புரியவில்லை. நடை முடிந்ததும் நீ வாங்கித் தருவதாகச் சொன்ன பரோட்டாதான் புரிந்தது. அதற்காகத்தான் வந்தேன்.

முதல் வட்டம் கல்வெட்டு மண்டபத்தின் வாசலில். சென்னையிலிருந்து வந்தவர்கள் அந்தச் சுவரைப் பார்த்ததும் போட்டோ எடுக்கத் தொடங்குவார்கள். நீ மடக்கிய கறுப்புக் குடையைத் தூக்கிப் பிடித்து, "ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி கொடத்துல ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த ஊரு இது" என்பாய். கை தட்டுவார்கள். "இருங்க, இருங்க. பேர் எழுதிப் போடணும்னா சொந்த நெலம் வேணும், சொந்த மனையில வூடு வேணும்னும் அதே கல்லுலதான் எழுதிகிது. உங்கள்ல யாருக்கு சொந்த வூடு கீது? கையத் தூக்குங்க." பாதிக் கைகள் மேலே போகாது. பெண்களின் கைகள் போனால், "உங்களுக்கு வூடு இருந்தாலும் கெடையாதும்மா" என்பாய். சிரிப்பார்கள். "வாடகை வூட்டுக்காரங்களும் பொம்பளைங்களும் என் பின்னாடி வாங்க. நம்ம சரித்திரம் ஏரிக்கரைப் பக்கம் கீது."

டீக்கடை அண்ணன் வாராவாரம் உன்னைச் சீண்டுவார். "இன்னாம்மே கைடு, இன்னிக்கு எத்தினி வெள்ளைக்காரன் புட்ச்சே?"

"வெள்ளைக்காரன் எங்கண்ணே, எல்லாம் தாம்பரம்."

நீ கூட்டத்தின் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடப்பாய். திரும்பி நடந்தால் நம் முதுகு கதை சொல்வது போல ஆகிவிடும், ஆள் கழன்றுவிடுவான் என்பாய். அதனால் உனக்கு முன்னால் போக ஒருத்தி வேண்டும். அது நான். ஒரு கையில் சுண்ணாம்பு வாளி, ஒரு கையில் ஆணியும் கயிறும். ஒவ்வொரு இடத்திலும் வட்டம் போட வேண்டும். வந்தவர்கள் அதற்குள் நின்றால் பயிரை மிதிக்க மாட்டார்கள், வண்டியை மறிக்க மாட்டார்கள், போட்டோ எடுக்கச் சிதற மாட்டார்கள். போட்டுவிட்டு, நீ வரும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். திருப்பத்தில் நீ ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாய். குடிகாரனோ, கட்டவிழ்த்த மாடோ, சண்டையோ இருந்தால் நான் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். நீ உடனே, "இந்தப் பக்கம் நெழல் கீது, வாங்க" என்று வேறு வழியில் இழுத்துப்போவாய். ஒருமுறை வாளியில் மிச்சம் இருந்த தூளோடு கவிழ்த்துக்கொண்டேன். நீ நடுரோட்டில் உட்கார்ந்து சிரித்தாய். வந்திருந்த பெரியவர் ஒருவர் என்னைச் சாமி வந்தவள் என்று நினைத்துக் கும்பிட்டார்.

உன் விதி மூன்று. தெரியாததைத் தெரியும் என்று சொல்லக்கூடாது. கூட்டத்தை விட்டுவிட்டு ஓடக்கூடாது. "இங்க" என்று சொல்லும்போது கால் அங்கேயே இருக்க வேண்டும்.

ஆறாவது வட்டம் நம் தெருமுனையில், தேவாலயத்துக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில். அங்கே போனதும் உன் குரல் மாறிவிடும். கூலி நெல்லில் ஒரு படி கூடக் கேட்டு, அறுவடைக்கு இறங்காமல் நம் ஆட்கள் உட்கார்ந்த வருஷத்தைச் சொல்வாய். ஒன்பதாம் நாள், நிலத்துக்காரர்களான மச்சு வீட்டார் பேச வரச்சொல்லி மூன்று பேரைக் களத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். களத்தில் கதிரடிக்க வைத்திருந்த கல்லோடு சேர்த்துக் கட்டி அடித்தார்கள். அந்தப் பெண் கடைசியாகச் செத்தாள், சாயங்காலம் வரை ஆனது. அன்று ராத்திரியே கூரைகளையும் கொளுத்தினார்கள். கோர்ட்டுக் காகிதத்தை நீ காஞ்சிபுரத்தில் தேடி எடுத்து வந்திருந்தாய். எல்லோரும் விடுதலை. களத்தில் நடந்ததைப் பார்த்த ஒரே ஒருத்தி பதினான்கு வயசுப் பெண், வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்தவள். அவள் கோர்ட்டில் சொன்னது காகிதத்தில் ஒரே வரி: நான் தூங்கிவிட்டேன்.

"அவளைத் திட்டாதீங்க" என்பாய் கூட்டத்திடம். "அவளுக்குக் கீள மூணு புள்ளைங்க. ஆனா அந்த ஒரு வரியாலதான் இதுக்கு மேல உங்களைக் கூட்டிக்கினு போக முடியல."

அதற்கு மேல்தான் களம். பஞ்சாயத்துக் களம், எல்லோருக்கும் பொது. ஆனால் நமக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மச்சு வீட்டார் நெல்தான் அங்கே காய்ந்தது. அது புறம்போக்கு என்று நீ எழுத்தில் வாங்கி வந்த அன்று உன் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் சொன்னாய்: ஞாயிற்றுக்கிழமை ஏழாவது வட்டம். "மத்ததை எப்ப வேணா போடு பாப்பா. களத்துல மட்டும், நாங்க புளியமரத்தாண்ட நிக்கிறப்ப போடு. முன்னாடியே போட்டா பேஜாராயிடும்."

இப்போது சொல்கிறேன் அக்கா.

அம்மா எனக்கு மஞ்சள் சுடிதார் வாங்கி வந்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு, வாளி இல்லாமல், கையில் தூள் இல்லாமல், சென்னைப் பெண்களோடு கூட்டத்தில் ஒருத்தியாக நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரே ஒரு நாள். கடைசியில் நீ என்னைக் கண்டுபிடித்து ஆச்சரியப்பட வேண்டும். அதனால் சனிக்கிழமை சாயங்காலமே போய் ஏழு வட்டத்தையும் போட்டுவிட்டேன். களத்திலும். நெல்லை ஒதுக்கிவிட்டு, ஆணி அடித்து, அழகாக. மச்சு வீட்டு மகன் பைக்கில் போனவன் நிறுத்திப் பார்த்தான். "இன்னா பாப்பா கோலம்?" என்றான். "நாளைக்கு நடை" என்றேன். அதையும் நான்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஒரு உயரமான ஆளின் பின்னால் நான் ஒளிந்துகொண்டே நடந்தேன். ஒவ்வொரு இடத்திலும் வட்டம் இருந்தது, அதனால் நான் அடுத்த இடத்துக்குப் போய்விட்டேன் என்று நினைத்திருப்பாய். புளியமரத்தடியில் கதை முடித்து, "இன்னிக்கு முதல் முறையா இதுக்கு மேல போறோம்" என்று சொன்னாய். குடையைத் தூக்கிப் பின்பக்கமாக நடந்தாய். களத்தின் திருப்பத்தில் அந்த உயரமான ஆள் செருப்பைச் சரிசெய்யக் குனிந்தார். உன் கண் என் மேல் விழுந்தது.

"நீ இன்னாடி இங்க கீறே? முன்னாடி யாரு கீறாங்க?"

"நேத்தே போட்டுட்டேன்க்கா."

உன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். அப்புறம்தான் நீ திரும்பினாய்.

வட்டத்துக்குள் அவன் நின்றுகொண்டிருந்தான். அவனோடு ஐந்து பேர். இரும்புப் பைப், மண்வெட்டிக் காம்பு. டிராக்டர் பக்கத்தில் ஓடிக்கொண்டே நின்றது.

நீ என் பக்கம் பார்க்காமலேயே மெதுவாகச் சொன்னாய்: "வைக்கோல் போருக்குப் பின்னாடி போ. நான் கூப்புடற வரைக்கும் வராத." திட்டவில்லை. திட்டியிருந்தால் இப்போது கொஞ்சம் தூக்கம் வரும்.

"வா கைடம்மா" என்றான் அவன். "வட்டம் போட்டு வெச்சிகிறியே, எங்கள உள்ள நிக்க வெச்சி பூஜை பண்ணப் போறியா?"

"நீங்க கொஞ்சம் தள்ளிக்கினா எங்காளுங்க நிப்பாங்கண்ணா. பத்து நிமிசம்."

"இன்னா சொல்லப் போறே?"

"உங்களுக்குத் தெரிஞ்சதத்தான்."

அவன் காலால் சுண்ணாம்பைத் தேய்த்து அழித்தான். ஒருவன் அந்த உயரமான ஆளின் செல்போனைப் பிடுங்கிக் கல்லில் அடித்தான். அவர் ஏதோ இங்கிலீஷில் கத்தினார். பைப் அவர் வாயில் விழுந்தது. பல் நெல்லில் தெறித்தது. அதற்கப்புறம் எல்லோரும் ஓடினார்கள். மண்வெட்டிக் காம்பு முதுகில் விழும் சத்தம் துணி துவைப்பது போல இருந்தது. ஒரு காலேஜ் பெண் நெல்லில் வழுக்கி விழுந்தாள். இரண்டு பேர் அவளைக் குனிந்து அடித்தார்கள். நீ குடையால் ஒருவன் கண்ணில் குத்தினாய். அந்தப் பெண்ணைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி ரோட்டுப் பக்கம் தள்ளினாய். அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். நீயும் ஓடியிருக்கலாம். ஆனால் போருக்குப் பின்னால் நான் இருந்தேன்.

முதல் அடி உன் முழங்காலில். இரண்டாவது கழுத்தில். நீ வட்டத்துக்குள் உட்கார்ந்தாய். அப்புறம் விழுந்த அடிகளை நான் எண்ணவில்லை. நீ என் பக்கம் மட்டும் பார்க்காமல், எதிர்ப்பக்கம் ஏரியைப் பார்த்தே இருந்தாய். ஒருவன், "போதும்ணா, மூச்சு இல்ல" என்றான். உனக்கு மூச்சு இருந்தது. உன் விரல் நெல்லைப் பிசைந்துகொண்டிருந்தது. மச்சு வீட்டு மகன் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நிதானமாக. பெரிய சக்கரம் ஒருமுறை போனது. பின்னால் எடுத்து இன்னொருமுறை போனது. வைக்கோலை வாயில் திணித்துக்கொண்டு நான் நின்றேன்.

நீ கூப்பிடவே இல்லை.

இப்போது அது டிராக்டர் விபத்து. ஓட்டியது நான்தான் என்று, மச்சு வீட்டில் வேலை பார்க்கும் நம் தெரு டிரைவர் மாமாவே போய்ச் சரணடைந்துவிட்டார். "கை தப்பிப்போச்சு" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் மனைவி குழாயடிக்கு வருவதில்லை. நடைக்கு வந்தவர்கள் அடித்ததைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் டிராக்டர் நகர்ந்தபோது அவர்கள் எல்லோரும் ரோட்டில் இருந்தார்கள். அதில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்தது நான் மட்டும். தலைமுடியில் வைக்கோலோடு என்னைக் களத்திலிருந்து தூக்கி வந்தார்கள் என்பதால் எல்லோருக்கும் அது தெரியும்.

நான் இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனாலும் வியாழக்கிழமை நம் ஆட்டின் கழுத்தை அறுத்துக் குழாயில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். குடம் வைக்கப் போன அம்மாவின் கைமேல் ரத்தம் சொட்டியது. நைனாவை ஏரிக்கரையில் பிடித்து இடது கையை மதகுக் கல்லில் வைத்து மிதித்தார்கள். மூன்று விரல் மடங்கவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் பைக்கில் இரண்டு பேர். ஒருவன் கண்ணில் கட்டு, நீ குத்தியது. சிரித்துக்கொண்டே கேட்டான்: "பாப்பா, அன்னிக்கு நீ வைக்கோப்போராண்ட தூங்கிக்கினு இருந்தே, இல்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களுக்கு அந்தப் பழைய கதை தெரியும் அக்கா. அந்த ஒரு வரி தெரியும். நீ காஞ்சிபுரத்தில் தேடியதை அவர்கள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள்.

அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். இன்று சாயங்காலம் எனக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "தூங்கிட்டேன்னு சொன்னவ பேரப்புள்ளயப் பாத்துட்டு செத்தா. பாத்தேன்னு சொல்லியிருந்தா இன்னா ஆயிருப்பா? நீயே சொல்லு."

ஆனால் என்னை அடக்கி வைத்திருப்பது அவர்கள் மட்டும் இல்லை. அவர்கள் வக்கீல், களத்தில் வட்டம் போட்டு இடத்தைப் பிடிக்கப் பார்த்தார்கள் என்கிறாராம். நான் வாய் திறந்தால் முதல் கேள்வி, அந்த வட்டத்தை யார் போட்டது, எப்போது போட்டது என்பதாகத்தான் இருக்கும். நான் பதில் சொல்ல வேண்டும். உன் அம்மா அங்கே உட்கார்ந்திருப்பார். பெரியம்மா தினமும் எனக்கு டீ வைத்துத் தருகிறார். "எம்பொண்ணு கூட இருந்தவ" என்று என் கன்னத்தைத் தடவுகிறார். தன் மகள் முதுகைக் காட்டிக்கொண்டு அவர்களிடம் நடந்து போனதற்குக் காரணம் என் மஞ்சள் சுடிதார் என்று அவருக்குத் தெரியாமலே இருந்தது. பைப்பை விட எனக்கு அந்த முகம்தான் பயம்.

அதனால் இன்று சாயங்காலம், எண்ணெய்த் தலையோடு எழுந்து எதிர்வீட்டுக்குப் போனேன். பெரியம்மா உன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை, ஆணி, கயிறு, பைக், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே சிறுநீர் போய்விட்டது. பெரியம்மா என்னை அறைந்தார். இரண்டு கன்னத்திலும், கை ஓயும்வரை. அப்புறம் உன் சுடிதார் ஒன்றை எடுத்து என் மடியில் போட்டு, "மாத்திக்க, நனைஞ்சிகிது" என்றார். கதவருகில் வந்ததும் என் பின்னால் குரல் கேட்டது: "நாளைக்கு எத்தினி மணிக்கு?"

"பத்துக்கு" என்றேன்.

"நானும் வரேன். பஸ் வேணாம். அவனுங்க பஸ்ஸத்தான் பாத்துக்கினு இருப்பானுங்க. நடந்தே போலாம்."

நம் தெருவிலிருந்து கோர்ட்டுக்கு நடந்தால் எந்த வழி என்று உனக்குத் தெரியும். புளியமரம், ஏரிக்கரை, டீக்கடை, கல்வெட்டு மண்டபம். நடையை அப்படியே திருப்பிப் போட்டது போல. மழை பெய்யாததால் ஆறு வட்டமும் மங்கலாக இன்னும் இருக்கின்றன. பெரியம்மா எனக்கு முன்னால் நடப்பார். குடை அவரிடம்தான் இருக்கிறது; கம்பி வளைந்திருக்கிறது, துணியில் கறுப்பாக ரத்தம் காய்ந்திருக்கிறது. நான் பின்பக்கமாக நடக்க மாட்டேன்.

எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. இப்போதுகூட வெளியே பைக் சத்தம் போனால் பேனா நின்றுவிடுகிறது. நாளை என் குரல் வராமல் போகலாம். ஆனால் உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்று இருக்கிறது: "இங்க" என்று சொல்லும்போது கால் அங்கேயே இருக்க வேண்டும். களம் கோர்ட்டுக்குள் வராது. அதனால் இங்கே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நீ மட்டும் கேள்.

வைக்கோல் போருக்குப் பின்னால், இடது ஓரத்தில், வட்டத்திலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி நான் நின்றேன். டிராக்டரில் இருந்தது மச்சு வீட்டு மகன். வட்டத்தைப் போட்டது நான்.

நான் தூங்கவில்லை.